வடிதுணியும் வலையும்



நம் இல்லங்களில் முன்னாளில் ஒரு வழக்கம் இருந்தது. கிணற்றிலிருந்து இறைத்த நீரை இரட்டையாக மடித்த தடித்த துணியில் வடிகட்டிய பின்னரே பயன்படுத்துவர். இவ்வளவும் பலருக்குத் தெரியும். அதன் அடுத்த படியைத்தான் நம்மில் பலர் மறந்துவிட்டோம். வடித்து முடித்ததும் நம் பாட்டிமார் அத்துணியை உதறி எறிவதில்லை. அப்படியே வெயிலில் காயப்போடுவதும் இல்லை. வடித்த நீரிலேயே சிறிது எடுத்துத் துணியின் மறுபுறத்தை மெல்ல அலசுவர். அந்நீரை எந்தக் கிணற்றில் இறைத்தார்களோ அந்தக் கிணற்றிலேயே, உயரத்திலிருந்து கொட்டாமல், வாளியைத் தாழ இறக்கிச் சேர்ப்பர். துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் தம் இருப்பிடம் சென்றடைய வேண்டும் என்பதே கருத்து. கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் ஒரு வீடு உண்டு என்று எண்ணிய உள்ளம் அது.

அரக்கோணத்தில் நம் குடும்பங்கள் சில கூடியிருந்த ஓர் அறவுரை நிகழ்ச்சியில் கடல்வாழ் உயிர்களின் அழிவைப் பற்றிப் பேச நேர்ந்தது. அப்போது அன்பர் ஒருவர் எழுந்து, "நாம் மீனைத் தொடுவதில்லை, நம் ஊரில் கடலும் இல்லை, இந்தப் பாவத்தில் நமக்குப் பங்கு ஏது?" என்று வினவினார். நேர்மையான வினா. அன்று நாம் சொன்ன விடை நமக்கே நிறைவு தரவில்லை. ஆதலின் இங்கே சற்று விரித்துரைக்க விழைகிறோம்.

2025-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னையிலும் அதனை அடுத்த கடற்கரைகளிலும் 1,000-க்கும் மேற்பட்ட கடலாமைகள் இறந்து ஒதுங்கின. ஆலிவ் ரிட்லி என்னும் இவ்வினத்தைப் பங்குனி ஆமை என்றும் கூறுவர். ஆண்டின் முதல் மாதங்களில் முட்டையிடுவதற்காக இவை நம் கரையை நாடி வருகின்றன. தாயாமை இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே முழு வளர்ச்சி அடையும் என்பர். அவ்வாறு எத்தனையோ இடர்களுக்குத் தப்பி வளர்ந்த ஆமைகளே அன்று கரையில் மாண்டு கிடந்தன. ஆமை நீரில் வாழினும் நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு வாங்குவது. இழுவைப் படகின் வலைக்குள் அகப்பட்டு மேலே வர இயலாமற் போனால் அது நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துபடும்.

கடற்பசுவின் நிலையும் இதுவே. மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் இவ்வுயிர் பாலூட்டி இனத்தைச் சேர்ந்தது. கடலடியில் வளரும் கடற்புல்லே அதன் உணவு. உணவால் அதுவும் நம்மைப் போல் மரக்கறி உண்பதே. ஓராண்டுக்கு மேல் கருவைச் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு இடையே சில ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒரு தாய் வலையில் மடிந்தால் அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை. இதனை உணர்ந்தே தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் பாக்கு விரிகுடாவில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில், 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்கென நாட்டில் அமைந்த முதற் பாதுகாப்பகம் இதுவே.

ஆமையையும் ஆவுளியாவையும் கொல்ல வேண்டும் என்று எந்த மீனவரும் வலை வீசுவதில்லை. ஆயின் இது இம்சை ஆகாதோ? நம் ஆசாரியர்கள் இதற்குத் தெளிவான விடை தந்துள்ளனர். இம்சையின் வேர் பிரமாதம், அஃதாவது கருத்தின்மை. நான்கு முழ நிலத்தை நோக்கி, அடிமேல் அடி வைத்து நடக்கும் முனிவரின் காலடியில் அவரறியாமல் ஒரு சிற்றுயிர் வந்து மாய்ந்தாலும் அவருக்கு இம்சையின் பந்தம் இல்லை. நோக்காமல் நடப்பவன் காலடியில் ஒன்றும் சாகாவிடினும் அவன் குற்றமற்றவன் அல்லன். சாகும் என்று அறிந்தபின்னும் காவாதிருப்பது பிரமாதமே.

காக்க வழியில்லையா எனின், உண்டு. ஆமை விலக்குக் கருவி என்று ஒன்று இருக்கிறது. இழுவலையின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டமும் அதனருகே ஒரு திறப்பும் அமைந்திருக்கும். இறாலும் சிறு மீனும் கம்பிகளின் இடையே உட்சென்றுவிடும். உடல் பெருத்த ஆமை சட்டத்தில் தடுக்கப்பட்டுத் திறப்பின் வழியே கடலுக்கு மீளும். பிடிபட்டதில் ஒரு பகுதியும் தப்பிவிடுமே என்ற அச்சத்தால் பலர் இதனைப் பொருத்தத் தயங்குகின்றனர். முனிவர் கையில் மயிற்பீலி எதுவோ, இழுவலைக்கு இக்கருவி அது. நம் பாட்டிமார் துணியை அலசிக் கிணற்றில் சேர்த்த செயலும் இதுவும் ஒன்றே. துணியும் பிடிக்கிறது, வலையும் பிடிக்கிறது. பிடித்ததை எடுத்த நீரிலேயே திருப்பிவிடுகிறோமா என்பதில்தான் அறமும் மறமும் வேறாகின்றன.

மிருகசேனன் கதையை நாம் அறிவோம். அவன் பிறப்பால் வலைஞன். யசோதர முனிவரிடம் அவன் ஏற்ற விரதம் மிகச் சிறியது. அன்று வலையில் முதலில் விழும் மீனை உயிருடன் விட்டுவிட வேண்டும், அவ்வளவே. முதல் மீன் விழுந்தது. அடையாளம் கட்டி நீரில் விட்டான். மறுபடி வீசினான், அதே மீன். ஐந்து முறையும் அதுவே வந்தது. ஐந்து முறையும் விடுத்தான். வெறுங்கையோடு வீடு திரும்பியவனுக்கு மனைவி கதவைத் திறக்கவில்லை. வெளியே உறங்கியவன் அன்றிரவே பாம்பு தீண்டி இறந்தான். மறுபிறவியில் ஐந்து முறை சாவின் வாயிலிருந்து மீண்டான். தொழிலை விடு என்று முனிவர் அவனிடம் கூறவில்லை என்பதைக் கருத வேண்டும். ஏற்கக்கூடிய அளவிலேயே அறத்தை ஊட்டினார்.

இது பழங்கதை மட்டுமன்று. பாக்கு விரிகுடாவில் வலையில் சிக்கிய ஆவுளியாவைத் தம் வலையை இழந்தும் கடலில் விட்ட மீனவர் உளர். அரசு அவர்களைப் பரிசளித்துப் போற்றியது. 2016-ஆம் ஆண்டு சனவரியில் திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு, ஆலந்தலைப் பகுதிகளில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கரையேறித் தவித்தபோது, அவற்றை மீண்டும் கடலுக்குள் செலுத்த ஊர் மீனவர் பாடுபட்டனர். குசராத்துக் கடலில் முன்பு திமிங்கலச் சுறாவைப் பெருமளவில் வேட்டையாடினர். 2001-இல் சட்டம் தடுத்தது. 2004-இல் தொடங்கிய இயக்கத்தில் மொராரி பாபு என்னும் சமயச் சொற்பொழிவாளர், பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள் அது என்று எடுத்துரைத்தார். வேட்டையாடிய கைகளே வலையை அறுத்து நூற்றுக்கணக்கான சுறாக்களை விடுவித்தன. மீனவரைப் பழிப்பது நம் வேலையன்று. அவர்கள் வலை இழப்பைத் தாங்கி அறம் செய்கின்றனர். நாம் எதை இழந்தோம்?

இனி அன்பரின் வினாவுக்கு வருவோம். அரக்கோணத்தில் கடல் இல்லை. ஆனால் கடலுக்குச் செல்லும் வழி இருக்கிறது. அருகே தக்கோலத்தை ஒட்டிய கேசாவரம் அணைக்கட்டில்தான் கொசஸ்தலையாற்றிலிருந்து கூவம் பிரிகிறது. அது சென்னையில் மெரினாவின் வடகோடியில் கடலை அடைகிறது. நம் தெருவில் நாம் எறியும் பிளாஸ்டிக் பை மழைநீரோடு ஓடையில் இறங்கினால் அதற்கும் அதுவே வழி. மிதக்கும் பையைச் சொறிமீன் என்று எண்ணி ஆமை விழுங்குகிறது. வடிதுணியைக் கைவிட்டு, கேன் நீரும் புட்டி நீரும் வாங்கும் நாம், உயிரைத் திருப்பியனுப்பிய நீரின் வழியே நஞ்சை அனுப்புகிறோம்.

அந்தக் கரை நமக்கு அயலானதும் அன்று. மயிலாப்பூர்க் கடற்கரையில் ஸ்ரீ நேமிநாதர் ஆலயம் இருந்ததையும், கடல் நெருங்கியபோது அத்திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டுவரப்பட்டதையும் நம் மரபு கூறுகிறது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டதும் அப்பெருமானைப் போற்றியே. மணவிருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டு மணக்கோலத்தையே துறந்தவர் அவர். பட்டியில் அடைபட்டவை கதறின, பெருமான் கேட்டார். வலையில் அடைபட்டவை கதறுவதில்லை. ஆதலின் நாம் கேட்கவில்லை.

நம் குற்றத்தையும் மறைக்க விரும்பவில்லை. ஒருமுறை இராமேசுவரம் சென்றபோது ஒரு சங்கையும் உலர்ந்த நட்சத்திர மீனையும் விலைக்கு வாங்கி வந்து வீட்டில் அழகுக்கு வைத்தோம். நேமிநாதரின் இலாஞ்சனம் அன்றோ என்று சங்கைப் பூசை அறைக்கு அருகிலேயே வைத்திருந்தோம். சங்கு உயிரோடு எடுக்கப்பட்டு, உள்ளிருக்கும் சதை நீக்கப்பட்ட பின்னரே கடைக்கு வருகிறது என்பதைப் பிற்பாடே அறிந்தோம். நாம் கொல்லவில்லை, ஆயின் விலை கொடுத்தோம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே என்று பிறருக்கு உரைத்துக்கொண்டிருந்த நாம்தான் அதைச் செய்தோம்.

ஆகவே மிருகசேனனைப் போல் ஏற்கக்கூடிய சிறு விரதங்களை இக்காலாண்டில் மேற்கொள்வோம். சங்கு, சோழி, பவளம், முத்து முதலிய கடல் உயிர்ப் பொருள்களை அழகுக்காக வாங்குவதில்லை என்பது ஒன்று. யாத்திரையிலும் விழாவிலும் பிளாஸ்டிக் பைகளையும் புட்டிகளையும் தவிர்ப்பது இரண்டு. வீட்டில் ஒரு குடம் நீரையேனும் முறைப்படி வடித்து, அலசிய நீரை எடுத்த இடத்தில் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவது மூன்று. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைத் திரட்டிப் பொரிப்பகத்தில் காத்து வருகின்றனர். நம் இளைஞரை ஓர் இரவேனும் அவர்களோடு அனுப்புவது நான்கு. முனிசுவிரத நாதரின் பீடத்தில் ஆமையைக் கண்டு வணங்கும் நம் பிள்ளைகள், மணலிலிருந்து கடல் நோக்கி ஊர்ந்து செல்லும் குஞ்சையும் ஒருமுறை காணட்டும்.

எடுத்ததை எடுத்த நீரிலேயே விட்ட முன்னோரின் கைகள் நம்முடையவை ஆகுக.

வளர்க கொல்லாமை அறம்!