தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே

யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலை இரவில் கேட்கிறேன். பழைய நாடாப் பதிவு. வேகமான சொற்களைக் காது எப்படியோ பிடித்துவிடுகிறது. அவர் விட்டுவைக்கும் இடைவெளிதான் அரியது. அந்த இடைவெளிக்குள் ஒரு முனகல் நிற்கிறது. அது தவிலின் ஒலியல்ல, நாடாவினதும் அல்ல. வீட்டு மின்சாரம்.

*

நாடாவின் "ஸ்ஸ்" வேறு. அது பதிவோடு பிறந்தது. அதை வடிகட்டப் போனால் தோலின் கூர்மையும் சேர்ந்து போய்விடும். 1975 இல் மறைந்த கலைஞர் அவர். அந்த "ஸ்ஸ்" உடன்தான் அவர் நமக்குக் கிடைத்திருக்கிறார். என் வீடு சேர்த்ததை மட்டும் களைந்தால் போதும்.

*

எங்கள் மின்சாரம் 230 வோல்ட், செக்கனுக்கு 50 சுழற்சி. ஆகவே முனகலும் பெரும்பாலும் 50 ஹேர்ட்ஸிலோ 100 இலோதான் வரும். மந்தமாக, ஒரே சீராக முனகினால் எர்த் வளையத்தைச் சந்தேகிக்கலாம். அம்பிளிபயர் ஒரு சுவரில், ரீவி இன்னொரு சுவரில். இரண்டையும் இணைக்கும் ஓடியோ வயரின் உறை வழியே சிறு மின்னோட்டம் சுற்றி வருகிறது. ரீவியின் அன்ரெனா வயரைக் கழற்றிப் பாருங்கள். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். பல வேளைகளில் அதுவே போதும்.

"கிர்ர்" என்று கீறினால் கதை வேறு. விசிறி ரெகுலேற்றர், மலிவான எல்இடி பல்ப், போன் சார்ஜர் எல்லாம் மின்னோட்டத்தைத் துண்டுதுண்டாக வெட்டி வேலை செய்பவை. வெட்டும் ஒவ்வொரு தடவையும் சின்ன வானொலி நிலையம்போல அலை பரப்புகின்றன.

*

அந்தக் கீறல் எங்கிருந்து வருகிறது என்று அறிய, பற்றரி றேடியோ ஒன்றை மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு, மெயின் பெட்டியின் சுவிச்சுகளை ஒவ்வொன்றாக அணைத்து வாருங்கள். எதை அணைக்கும்போது இரைச்சல் விழுகிறதோ, அந்த வழியில் இருக்கிறது ஊற்று. இரவில் இதைச் செய்வது எனக்குப் பிடிக்கும். விலையுயர்ந்த பில்ற்றர் வாங்குவதைவிட இதுவே சிறந்த முறை என்பது என் முடிவு. 1964 இல் சமாதியடைந்த யோகர் சுவாமிகள் இங்கே யாழ்ப்பாணத்தில், கொழும்புத்துறைக் குடிலில் வாழ்ந்தவர். சும்மா இருக்கச் சொன்னவர். அணைத்துக்கொண்டே போகும்போது அவரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

*

கடல்நீரேரிக் காற்றில் உப்பு. வயர் முனைகளில் பச்சை படர்கிறது; உறைத்தொடர்பு தளர்ந்தாலும் முனகல்தான். பச்சையைச் சுரண்டி, ஸ்பிரிற்றில் துடைத்துத் திருப்பிச் செருகினால் சரி. கம்பத்து இன்சுலேற்றரிலும் உப்புப் படிகிறது. பனி இறங்கும் இரவுகளில் அது பொரிவது றேடியோவில் கேட்கும். அதற்கு மின்சாரம் வழங்குபவர்களுக்கு அறிவிப்பதைத் தவிர நாம் செய்ய ஒன்றுமில்லை.

*

1990 க்குப் பின், போர்க்காலத்தில், யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகள். பற்றரிக்கும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம். டயோட்டால் திருத்தி, கப்பாசிற்றரால் சமப்படுத்தாவிட்டால் மிதியின் வேகத்துக்கு ஏற்ப அதுவும் முனகும். அந்த இரவுகளில் சிற்றலையில் பிபிசி தமிழோசைக்குக் குறுக்கே நிற்க ஊரில் ஒரு மோட்டரோ ரியூப் லைற்றோ இல்லை. தூரத்து மின்னலின் வெடிப்பு மட்டும். றேடியோவுக்கு அதைவிடத் தூய வானம் இங்கே பிறகு வாய்க்கவில்லை. அதற்குக் கொடுத்த விலையை நினைத்தால், இன்றைய முனகலோடு பொறுமையாக இருக்க முடிகிறது.

*

ஒரு வேண்டுகோள். எர்த் வயரைக் கழற்றினால் முனகல் போகும் என்று யாராவது சொல்வார்கள். போகத்தான் செய்யும். செய்யாதீர்கள். இங்கே வீட்டுக்கு வீடு தனி எர்த் கம்பி. பெட்டிக்குள் மின்கசிவு வந்தால் அதன் வழியேதான் ட்ரிப் சுவிச் விழும். எர்த் இல்லாத பெட்டியில், யாராவது கைவைத்த பிறகுதான் அது விழும்.