புள்ளி யாருடைய கணக்கில்?



பிரித்தானியாவில் சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோகும் காரணங்கள் நம்மில் பலர் அறிந்தவையே. வேகம் மிஞ்சினால் பெரும்பாலும் 3 புள்ளிகள். ஓட்டும்போது தொலைபேசியைக் கையில் பிடித்தால் 6. மூன்று வருடங்களுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் வழக்கமாகக் குறைந்தது 6 மாதங்களுக்கு வாகனம் ஓட்ட முடியாது. சோதனையில் சித்தியடைந்து இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு 6 புள்ளிகளே போதும். அனுமதிப்பத்திரம் இரத்தாகி, மீண்டும் பழகுநராகத் தொடங்க வேண்டும்.

மினிகாப் ஓட்டியும் கடைகளுக்குச் சாமான் ஏற்றியும் சீவிக்கும் குடும்பத்துக்கு இது அடுப்பை அணைக்கும் தண்டனை. அதனால் நம்மிடையே ஒரு வழக்கம் மெல்லப் புகுந்துள்ளது. பொலிசாரின் கடிதம் வந்ததும், வாகனத்தை ஓட்டியவர் யார் என்ற இடத்தில் மனைவியின் பெயரையோ தாயின் பெயரையோ எழுதுகிறோம். குடும்பத்தில் ஒருவர் பாரத்தை மற்றவர் சுமப்பதில் என்ன பிழை என்றும் கேட்கிறோம்.

பாரம் சுமப்பது வேறு, பொய் சுமப்பது வேறு. தண்டப்பணத்தை அண்ணன் கட்டலாம். வேலைக்குத் தம்பி ஏற்றிச் செல்லலாம். ஆனால் ஒருவர் செய்த வினையை இன்னொருவர் கணக்கில் எழுத முடியாது என்பதே நம் சைவம் கற்பித்தது. இந்நாட்டுச் சட்டமும் அப்படியே பார்க்கிறது. முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹ்யூனின் 2003 ஆம் ஆண்டு வேகக் குற்றப் புள்ளிகளை அன்றைய மனைவி விக்கி பிரைஸ் தம் பெயரில் ஏற்றார். நீதியின் போக்கைத் திரித்ததற்காக 2013 மார்ச்சில் இருவருக்கும் தலா 8 மாதச் சிறை விதிக்கப்பட்டது. 3 புள்ளிகளுக்காகத் தொடங்கிய காரியம் அங்கே போய் முடிந்தது.

நேர்வழி இல்லாமலில்லை. 12 புள்ளிகள் சேர்ந்த பின்னும், தடையால் குடும்பத்துக்கும் நம்மை நம்பியிருப்போருக்கும் அசாதாரண இடர் நேரும் எனச் சான்றுகளுடன் நீதவான் முன் மன்றாடலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை; ஆனால் அங்கே சொல்வது உண்மை.

நம்மில் அநேகர் இந்நாட்டுக்கு அகதிகளாக வந்தோம். கையில் தக்க பத்திரம் இல்லாதபோது, எங்கள் சொல்லை நம்புங்கள் என்று கேட்டோம். அந்தச் சொல்லின் பெறுமதியை 6 மாதத் தடைக்குப் பயந்து இழக்கலாமா? அந்தக் கடிதத்துக்கு 28 நாட்களுக்குள் பதில் எழுத வேண்டும். சாப்பாட்டு மேசையில் வைத்து அதை நிரப்பும்போது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓட்டியவரின் பெயரையே எழுதுவோம்.