முகத்தில் விழுந்த சுருக்கம்



ஷேக்ஸ்பியரும் பொறாமையும் என்றால் பலருக்கும் 'ஒத்தெல்லோ' நினைவுக்கு வரும். அவனுக்காவது காதில் கோள் ஓத ஓர் இயாகோ இருந்தான். 'விண்டர்ஸ் டேல்' நாடகத்தின் சிசிலி மன்னன் லியான்டிஸுக்கு அப்படி யாரும் இல்லை. தன் நெஞ்சுக்குள் தானே தீ வைத்துக்கொண்டவன் அவன்.

பால்ய நண்பனான பொஹீமியா மன்னன் ஒன்பது மாதம் விருந்தாளியாக இருந்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிறான். இன்னும் சில நாள் இருந்துவிட்டுப் போ என்று லியான்டிஸ் கேட்க, முடியாது என்கிறான். அரசி ஹெர்மயோனி கேட்டதும் சம்மதிக்கிறான். நடந்தது இவ்வளவுதான். நான் சொல்லிக் கேட்காதவன் இவள் சொல்லிக் கேட்கிறானே என்று தொடங்கிய எண்ணம், நிறைமாதக் கர்ப்பிணியின் வயிற்றில் இருப்பது யார் பிள்ளை என்ற கேள்வியில் போய் நிற்கிறது. கோப்பையில் சிலந்தி கிடப்பது தெரியாமல் குடித்தவனுக்கு ஒன்றும் ஆவதில்லை, கண்டுவிட்டவனுக்குத்தான் குடலைப் புரட்டும், நான் கண்டுவிட்டேன் என்று அவனே சொல்கிறான். பாவம், அந்தக் கோப்பையில் சிலந்தியே இல்லை.

சிறையில் பிள்ளை பெற்ற அரசியைப் பச்சை உடம்போடு விசாரணைக்கு நிறுத்துகிறான். பெண் குழந்தையை எங்கோ வனாந்தரத்தில் விட்டுவரச் சொல்கிறான். அரசி குற்றமற்றவள் என்று டெல்ஃபியிலிருந்து தெய்வவாக்கு வருகிறது. அதையும் பொய் என்கிறான். அந்த நொடியே ஓர் ஆள் ஓடிவருகிறான்: தாய்க்கு நேர்ந்ததை எண்ணி ஏங்கிய சிறுவன் மமிலியஸ் இறந்துபோனான். அரசி மயங்கி விழுகிறாள். அவளும் இறந்துவிட்டதாகச் சேதி வருகிறது.

இந்தக் கதைக்கு மூலம் 1588-இல் ராபர்ட் கிரீன் எழுதிய 'பண்டோஸ்டோ'. அதில் அரசி உண்மையாகவே இறக்கிறாள், அரசன் கடைசியில் தற்கொலை செய்துகொள்கிறான். ஷேக்ஸ்பியர் அந்த முடிவை மாற்றினார். ஆனால் மன்னிப்பை மலிவாகத் தரவில்லை. 16 ஆண்டுகள் காத்திருக்க வைத்தார்.

அந்த 16 ஆண்டும் அரசனை விடாமல் பிடித்து நிறுத்தியவள் பாலினா. கைக்குழந்தையை ஏந்தி வந்து அவன் முகத்துக்கு நேரே நியாயம் கேட்டவள். அந்தக் குழந்தையைக் கொண்டுபோய் விட்ட இடத்தில் அவள் கணவன் கரடிக்கு இரையானான். ஆறுதல் சொல்ல அரண்மனையில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. வருந்தியது போதும், மறுமணம் செய்துகொள்ளுங்கள் என்கிறார்கள். இவள் மட்டும் செய்ததை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறாள். இந்த நாடகத்தில் நான் மிகவும் மதிப்பது இவளைத்தான். அவள் சொல்லுக்கு அரசன் தலைகுனிந்து நிற்கிறானே, அவன் மனம் திருந்தியதற்கு எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

தொலைந்த மகள் பெர்டிட்டா வளர்ந்து திரும்பிய பிறகு, பாலினா தன் வீட்டில் திரையை விலக்கி அரசியின் சிலையைக் காட்டுகிறாள். பார்த்த அரசன், இவ்வளவு சுருக்கம் அவள் முகத்தில் இருந்ததில்லையே என்கிறான். உயிரோடு இருந்தால் இன்று எப்படி இருப்பாளோ அப்படிச் செதுக்கியிருக்கிறான் சிற்பி என்று பதில் வருகிறது. இசை ஒலிக்க, சிலை இறங்கி வருகிறது. கை தொட்டால் சூடு இருக்கிறது. இத்தனை காலம் மறைந்து வாழ்ந்த ஹெர்மயோனிதான் அது. சுருக்கங்கள் அப்படியே இருக்கின்றன. மகன் வரவில்லை. பாலினாவின் கணவனும் வரவில்லை.

ஹெர்மயோனி தன் கணவனை அணைத்துக்கொள்கிறாள். அதையும் அருகில் நிற்பவர்கள் சொல்லித்தான் அறிகிறோம். அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசுவதாக ஷேக்ஸ்பியர் எழுதவில்லை. அங்கிருப்பவர்களில் அவள் பேசுவது மகளிடம் மட்டுமே: எங்கே வாழ்ந்தாய், எப்படிப் பிழைத்தாய், தந்தையின் அரண்மனைக்கு எப்படி வந்து சேர்ந்தாய்? அந்த அணைப்பில் மன்னிப்பு எவ்வளவு, மிச்சமிருக்கும் வலி எவ்வளவு என்பதை, அந்த வேடம் ஏற்கும் ஒவ்வொரு நடிகையும் தானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.