சிகிச்சையின் விலையும் சமுதாய நீதியும்

உணவின்மையால் மட்டுமன்றி, உணவோடு கொண்ட பகையாலும் மனிதர் வாடுவர் என்றால் நம்மிற் பலர் நம்பத் தயங்குவர். ஒருவேளைச் சோற்றுக்கு வழியற்றோர் கோடிக்கணக்கில் வாழும் உலகில், இஃது உண்டு கொழுத்தோரின் நோய் என ஒதுக்கும் பழக்கம் முற்போக்காளர் மத்தியிலும் உண்டு. இவ்வெண்ணம் தவறானது. லண்டன் வைத்தியர் ஜெரால்ட் ரசல் 1979 இல் 'புலிமியா நெர்வோசா' எனப் பெயரிட்டு விவரித்த நோய், அளவின்றி உண்ணவும், பின் அச்சமுற்று உண்டதை வாந்தியெடுக்கவும் மனிதரைத் தூண்டுவது. செல்வர் மகளைப் போலவே கடைச் சிப்பந்தியையும் அது பற்றும். வெட்கத்தால் மறைக்கப்படுவதாலேயே மேலும் வளரும்.

இதற்கு உளச்சிகிச்சை உண்டு. அதனாற் பயனும் உண்டு. ஆயின் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் சிலர், காத்திருப்போர் பலர். எனவே, நோயாளி தானே பயில்வதற்கான பாடங்களை நூல் வாயிலாகவோ இணையத்தின் வாயிலாகவோ அளித்து, இடையிடையே ஒருவர் துணைநிற்கும் முறை எழுந்தது. இங்கிலாந்தில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் 'நைஸ்' நிறுவனம், துணையோடு கூடிய இத்தகைய சுயபயிற்சியையே புலிமியாவுற்ற வளர்ந்தோருக்கு முதற்படியாக 2017 இல் விதந்துரைத்தது. 16 வாரங்களில், 20 நிமிடம் கொண்ட 4 முதல் 9 சந்திப்புகள் போதும். தனிச்சிகிச்சையாயின் 20 சந்திப்புகள் வரை வேண்டும். அச்சந்திப்பொன்றுக்கு ஒரு மணித்தியாலம் எனக் கொள்வோம். ஒருத்திக்குச் செலவாகும் நேரத்தில் ஆறு பேருக்குத் துணைநிற்கலாம்.

மனிதத் துயரை இவ்வாறு கணக்கிடுதல் அறமாகுமா? விலையுள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், மனிதருக்கோ விலையில்லை, மாண்பே உண்டு என 1785 இல் காண்ட் வாதித்தார். அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் இங்கு விலையிடப்படுவது அப்பெண்ணன்று. சிகிச்சையாளரின் ஒரு மணித்தியாலமே. அதனை ஒருத்திக்கு வழங்கும்போது வரிசையில் நிற்கும் இன்னொருத்திக்கு மறுக்கிறோம். கணக்கே வேண்டாம் என்பவர், இந்த இரண்டாமவளைக் காணாதிருக்கும் வசதியையே அறம் என அழைக்கிறார்.

என் ஐயம் வேறிடத்தில் உள்ளது. கணக்கை எழுதுபவர் யார்? எவற்றை எழுதுகிறார்? நலமான வாழ்வாண்டு ஒன்றைக் கூட்டுவதற்கு 20,000 முதல் 30,000 பவுண் வரை செலவிடலாம் என்பதே 'நைஸ்' நெடுங்காலம் கைக்கொண்ட அளவுகோல். அதன் வழமையான கணக்கின் செலவுப் பக்கத்தில் இடம்பெறுவன அரச சுகாதார சேவையினதும் சமூகப் பராமரிப்பினதும் செலவுகளே. மகளைக் கண்காணிக்க வேலையை விட்டு வீட்டிலிருக்கும் தாயின் இழந்த கூலி அதில் ஏறாது. தனியறையற்ற வீட்டில், தம்பி தங்கையரின் காதுக்கெட்டாமல் தன் நோயைப் பேச இடந்தேடும் பெண்ணின் இடரும் ஏறாது. வைத்தியசாலை ஏட்டில் மிச்சமாகத் தோன்றும் தொகையில் ஒரு பகுதி உண்மையில் மிச்சமானதன்று, அடுக்களைக்கு இடம்மாறியது. கூலியற்ற பெண்ணுழைப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மலிவு கண்டு மகிழ்வது முதலாளித்துவப் பொருளாதாரத்தின் பழைய வித்தை அல்லவா?

இதனால் இணையவழிச் சிகிச்சையே சூழ்ச்சி என்று முடிவுகட்டுதல் பிழை. முகம்நோக்கிச் சொல்ல நாணுவதைத் திரையின் முன் எழுதத் துணிவோர் உண்டு. அவர்களுக்கு அது இரண்டாந்தர மருந்தன்று. ஆயின் துணையற்று விடப்படும் பயிற்சியில் இடைநின்றுவிடுவோர் பலர். புள்ளித்தாளில் 'வரவில்லை' என எழுதிவிட்டு அடுத்த பெயருக்குச் செல்லும் ஆசிரியனாகிய எனக்கு, அந்தச் சொல் எவ்வளவை மறைக்கும் என்பது தெரியும். அனோரெக்சியா எனும் பட்டினி நோயிலோ உடல் நிறையும் இரத்தமும் நேரிற் சோதிக்கப்படல் வேண்டும். திரையால் மட்டும் அது கூடாது.

2017 ஆம் ஆண்டின் நெறியிலேயே ஒரு நிபந்தனை உண்டு. சுயபயிற்சி நான்கு வாரத்திற் பயனளிக்காவிடின் தனிச்சிகிச்சைக்கு வழிவிடல் வேண்டும். முதற்படியின் மலிவு நியாயமாவது இரண்டாம்படி இருப்பதனாலேயே. இளையோருக்கு அவசர நிலையில் ஒரு வாரத்துள்ளும் ஏனைய நிலையில் நான்கு வாரத்துள்ளும் சிகிச்சை தொடங்கவேண்டும் என இங்கிலாந்தில் 2015 இல் காலவரையறை வகுக்கப்பட்டது. வளர்ந்தோருக்கு அத்தகைய வரையறை எதுவும் அன்று வகுக்கப்படவில்லை. நான்கு வாரம் திரையின் முன் முயன்று தோற்ற ஒரு நெசவாலைப் பெண், ஐந்தாம் வாரத்தில் எந்த வாயிலைத் தட்டுவாள் என்பதை எந்தச் செலவுக் கணக்கும் கூறுவதில்லை.