குணக்கேடா, நோயா?

"அவன் பிறவிக் குணமே அப்படி!" ஜமாஅத்துக் கூட்டங்களில் சிலரைப் பற்றி அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வாங்கிய கடனை இல்லையென்பான், கட்டியவளை அடிப்பான், பொய் வெளிப்பட்ட பிறகும் கூச்சமின்றி எதிரே வந்து உட்காருவான். புத்தியோ தெளிவாக இருக்கும். இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு இருப்பது ஆளுமைக் கோளாறு என்கிறார்கள் மருத்துவர்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-லும் 2013-லும் வெளியிட்ட கையேடுகள் இதற்குத் தரும் இலக்கணத்தைச் சற்றுக் கவனியுங்கள். தான் வாழும் சமூகத்தின் எதிர்பார்ப்பிலிருந்து வெகுவாக விலகி, நெடுங்காலம் நிலைத்துவிட்ட போக்கு என்பது அதன் சாரம். ஆக, காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. இதற்கு அளவுகோல் சமூகம்தான். அந்த அளவுகோலே கோணலாக இருந்தால்? எஜமானிடமிருந்து தப்பியோடும் அடிமைக்கு ஒருவகை மனநோய் என்று 1851-ல் அமெரிக்காவின் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர் எழுதினார். விடுதலையை விரும்பியவன் நோயாளி. மனிதனை விலைபேசி விற்றவன் சுகதேகி! எதிர்த்துக் கேட்கும் மருமகளுக்கு நாம் சூட்டும் பெயர்களையும் இத்துடன் வைத்துப் பார்க்கலாம்.

அதற்காக எல்லாமே வெறும் பெயர்தான் என்றும் தள்ளிவிட முடியாது. 1980-களில் அமெரிக்காவிலும் தைவானிலும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கொண்டு கணக்கெடுத்தார்கள். பிறர் உரிமையை மதியாத சமூக விரோத ஆளுமை அமெரிக்காவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் காணப்பட்டது. தைவானில் ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை. குடும்பக் கட்டுக்கோப்பே காரணம் என்று சில அறிஞர்கள் கருதினார்கள். வீட்டு மானத்துக்குப் பயந்து மறைத்தவர்களும் இருந்திருக்கலாம். கட்டுக்கோப்பான வீட்டில் எல்லாம் நலமே என்று நாம் மார்தட்ட வேண்டாம். வெளியே சீறாத மனம் உள்ளேயே புழுங்கவும் கூடும்.

சரி, வளர்ப்பும் சூழலும் குணத்தை வார்க்கின்றன என்றால், கெடுதி செய்தவனுக்குப் பொறுப்பில்லையா? புத்தி பேதலித்த மஜ்னூன் மீது ஷரீஅத் கடமைகளைச் சுமத்தவில்லை. இவன் மஜ்னூன் அல்லன். செய்வதை அறிந்தே செய்கிறான். போலீஸ்காரர் முன்னால் கையை அடக்கிக்கொள்ளவும் அவனுக்குத் தெரியும். ஆகவே அடிபட்டவளின் ஹக்குக்கு அவன் பதில் சொல்லியே தீரவேண்டும். சிகிச்சைக்கு அழைத்துப் போவது அந்தப் பொறுப்பைக் குறைக்காது. பொறுப்பு இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சையை மறுப்பதும் நியாயமல்ல.

ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் அவன் ஒருவன்தானா? சிறுவயதில் அவன் கைநீட்டியபோது 'ஆம்பிளைப் பிள்ளை' என்று சிரித்த உம்மா இருக்கிறார். 'நிக்காஹ் முடித்தால் திருந்திவிடுவான்' என்று பெண் கேட்டுப் போன பெரியவர்கள் இருக்கிறார்கள். வாப்பாவின் அடியைத் தின்று வளர்ந்தேன் என்று அவனாவது ஒரு காரணம் சொல்லலாம். பெண் வீட்டார் வந்து விசாரித்தபோது தெரிந்ததை மறைத்தவர்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை.