தீட்டும் சிறுநீரும்

ஊத்துக்கோட்டையைக் கடந்து ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் சுருட்டப்பள்ளி வந்துவிடும். ஆரணியாற்றங்கரையில் உள்ள இந்தக் கோயிலில் பள்ளிகொண்டீஸ்வரர் ஆலகால நஞ்சை உண்ட மயக்கத்தில் அம்மையின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். பிரதோஷத்தன்று அவரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும்.

அந்தக் கூட்டத்தில் சேராமல் வீட்டிலேயே தங்கிவிடும் பெரியவர்களும் உண்டு. கேட்டால் கால்வலி என்பார்கள். உண்மைக் காரணம், கேட்காமலே வேட்டியை நனைக்கும் சிறுநீர். இந்தத் தீட்டோடு சாமி முன்னால் எப்படி நிற்பது என்ற கூச்சம்.

உடம்பின் கழிவு மனிதனையும் இறைவனையும் பிரித்துவிடுமா?

சமயங்கள் இதை யோசிக்காமல் இல்லை. ஓயாமல் நீர் கசியும் நோயாளிக்கு இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் தனிச் சலுகையே வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தொழுகை வேளைக்கும் புதிதாக ஒளு என்னும் தூய்மைச் சடங்கைச் செய்துகொண்டால் போதும். நடுவில் சொட்டினாலும் தொழுகை முறியாது. சைவத்தில் திருமூலர் உடம்பை இழிவென்று தள்ளவில்லை, இறைவன் குடியிருக்கும் இடமாகவே கண்டார். சமயத்துக்கு வெளியே பார்த்தால், கிரேக்க ஞானி எபிகூரஸ் கி.மு. 270இல் கல்லடைப்பால் நீர் பிரியாமல் இறந்தார். வேதனை உச்சத்தில் இருந்த அந்தக் கடைசி நாட்களிலும், நண்பரோடு பேசிய பேச்சுகளின் நினைவே தன்னை மகிழ்விப்பதாகக் கடிதம் எழுதினார்.

ஆக, தடை சாஸ்திரத்தில் இருப்பதைவிடக் கூச்சத்தில்தான் அதிகம். யூராலஜி மருத்துவரின் வேலை அந்தக் கூச்சத்தை உடைப்பதில் தொடங்குகிறது.

முதலில், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், முக்க வேண்டியிருக்கிறதா, போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 20ஐத் தொட்டால் தொல்லை கடுமை என்று பொருள். அடுத்து, புனல் பொருத்திய கருவிக்குள் நோயாளி சிறுநீர் கழிக்க வேண்டும். நீர் தடையில்லாமல் போனால் தாளில் மணி வடிவக் கோடு எழும். அடைப்பு இருந்தால் கோடு தரையோடு தரையாக நீண்டு கிடக்கும். கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டும்.

காரணம் பிடிபட்டால் வைத்தியமும் ஆளுக்கு ஆள் மாறும். புராஸ்டேட் வீங்கியவருக்குப் பாதையைத் தளர்த்தும் மாத்திரை. அதற்கும் கேட்காவிட்டால் வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவி விட்டுச் செய்யும் அறுவை. இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் சொட்டும் பெண்களுக்கு முதல் வைத்தியம் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி; குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வந்தால், எந்தக் கிருமி என்று கல்ச்சர் பார்த்த பிறகே அதற்கேற்ற மாத்திரை.

சிறுநீர்த் தொல்லையும் கூச்சமும் தொழிற்பேட்டைக்குள்ளும் வேறு வேடத்தில் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருட்டாலைகளில் உலை வெக்கையில் நிற்பவருக்கு உடம்புத் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்விடும். சிறுநீர் சுண்டி அடர்ந்தால் கல் சேர வழி பிறக்கிறது. கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் ஷிஃப்டை ஓட்டும் பெண்களுக்கு நீர்க்கடுப்பு வருவதில் வியப்பில்லை. குடிநீரும் கழிப்பறையும் தொழிலாளியின் உரிமை என்று 1948ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவிட்டது. உடம்பில் தண்ணீர் குறைவது விரதத்திலும் நேரும் என்பதால், தண்ணீரும் குடிக்காமல் விரதம் இருப்பவருக்கு ஏற்கெனவே கல் வந்திருந்தால், விரதத்தைப் பற்றியும் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

நஞ்சுண்டு சாய்ந்து கிடக்கும் சாமியைக் கும்பிடத் தெரிந்தவர்கள், ஒழுகும் உடம்பைக் கண்டு முகம் சுளிப்பதில் நியாயமில்லை. வீட்டுப் பெரியவர் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போவதைத் திடீரென்று நிறுத்தினால் வீட்டார் பக்குவமாக விசாரிக்க வேண்டும். இன்னொன்று, வலியே இல்லாமல் ஒரே ஒரு தடவை சிறுநீரில் ரத்தம் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.