பூர்த்தம்

முண்டக உபநிஷத வகுப்பொன்றில் இளைஞர் ஒருவர் தயங்கியபடியே கேட்டார்: "சுவாமிஜி, என் தந்தையார் ஊருக்காகக் கிணறு வெட்டப் பணம் ஒதுக்கியுள்ளார். உபநிஷதமோ அத்தகையோரை மூடர் என்கிறதே?"

அங்கு வரும் சொல் 'இஷ்டாபூர்த்தம்'. இஷ்டம் என்பது வேள்வி முதலியன. படிக்கிணறு, கிணறு, தடாகம் முதலியவற்றை அமைப்பது பூர்த்தம் என்று ஆதிசங்கரர் தமது பாஷ்யத்தில் விளக்குகிறார். இவையே மேலானவை, இவற்றுக்கு அப்பால் எதுவுமில்லை என்று எண்ணுவோரே அம்மந்திரத்தில் கண்டிக்கப்படுகின்றனர். கண்டனம் வெட்டுதலுக்கு அன்று. 'நான் வெட்டினேன்' என்று அதிலேயே நின்றுவிடும் மனத்துக்கு.

அந்தப் பிடியைத் தளர்த்தவே தர்ம சாஸ்திரங்கள் 'உத்சர்க்கம்' என்னும் சடங்கை வகுத்தன. நீர்நிலை முடிந்ததும் அதை வெட்டியவர் சங்கல்பம் செய்து, எல்லா உயிர்களுக்கும் உரியதாக விட்டுவிட வேண்டும். அதன்பின் அவர் உரிமையாளர் அல்லர். கரைக்கு வரும் பசுவைப் போல அவரும் பருகலாம், அவ்வளவே.

பிறருக்கு உரிய நீரில் நீராடுவோர் முதலில் ஐந்து மண்கட்டிகளை எடுத்து வெளியே போட வேண்டும் என்பது யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் விதி. அந்நீர்நிலையை அமைத்தவரின் பாவத்தில் பங்கு வரும் என்று எச்சரிக்கிறது மனு ஸ்மிருதி. எனக்கோ காரணத்தைவிட அந்த மண்ணே பெரிதாகப் படுகிறது. நாளொன்றுக்கு நூறு பேர் மூழ்கினால் ஐந்நூறு கட்டி வண்டல் கரையேறுமே!

குஜராத்தின் பாட்டன் நகரில் உள்ள 'ராணி கி வாவ்' என்னும் படிக்கிணற்றைக் காணுங்கள். 11-ஆம் நூற்றாண்டில், சோலங்கி அரசர் முதலாம் பீமதேவரின் நினைவாக அரசி உதயமதி எடுப்பித்தது என்பர். ஏழு தளங்களாகக் கீழ்நோக்கி இறங்கும் ஆலயம் அது. கோடையில் நீர்மட்டம் தாழத் தாழ மக்களும் படியிறங்கிச் சென்று முகந்தனர். இடையிடையே எழும் தூண் மண்டபங்கள் அழகுக்காக மட்டும் அல்ல; பக்கச் சுவர்கள் மண்ணின் அழுத்தத்தால் சரியாதபடி அவையே தாங்குகின்றன. கிணற்றின் உட்சுவரில் சேஷசாயியாகத் திருமால். குடத்துடன் இறங்கியவளுக்கு நீரும் தரிசனமும் வேறு வேறு இடங்களில் இல்லை. பின்னர் சரஸ்வதி நதியின் வெள்ளம் கொணர்ந்த வண்டலில் அது பல நூற்றாண்டுகள் புதைந்திருந்தது. இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து மீட்டது. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

இளைஞர் விடவில்லை. "கிணற்றடியில் தாத்தாவின் பெயரைக் கல்லில் பொறிக்க விரும்புகிறார் தந்தையார். அது அகங்காரம் ஆகாதா?"

"ராணியின் பெயரும் வாவில் நிலைத்துத்தானே இருக்கிறது! கல்லில் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். கிணற்றைச் சுற்றி வேலியும் பூட்டும் மட்டும் வேண்டாம் என்று தந்தையாரிடம் சொல்லுங்கள்" என்றேன்.